ஏழு மணி நேரம் தூங்கினேனாம்

இரவுக்குருவி:
எனக்கு ஃபைப்ரோமயால்ஜியா, அதாவது உடம்பு முழுக்க ஓயாத வலியும் அசதியும், பதினோரு வருடமாக. அதற்கு முந்தைய கதை உங்களுக்குத் தெரிந்ததுதான்: ரத்தம் இயல்பு, எக்ஸ்ரே இயல்பு, ‘மனதை லேசாக வைத்துக்கொள்ளுங்கள்.’ போன மாதம் தூக்கப் பரிசோதனைக்காக ஓர் இரவு போய்ப் படுத்தேன். தலையெல்லாம் பசை போட்டு ஒட்டிய கம்பிகள், மார்பிலும் வயிற்றிலும் பட்டை, விரல் நுனியில் கவ்வி. புரண்டால் ஏதாவது கழன்றுவிடுமோ என்ற பயம் வேறு.

காலையில் அந்தத் தொழில்நுட்பப் பையன் வந்து விளக்கைப் போட்டான். ஈரத்துணியால் பசையைத் துடைத்தபடியே, “நல்ல தூக்கம்மா, ஏழு மணி நேரத்துக்குக் குறையாது” என்றான். நான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, பாதத்தைத் தரையில் ஊன்ற முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். உடம்பு அடித்துத் துவைத்துப் பிழிந்த துணி மாதிரி கிடந்தது. அழுகை வந்துவிட்டது. பசை கண்ணில் பட்டுவிட்டதோ என்று அவன் பதறி மன்னிப்புக் கேட்டான். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது. பாவம், அவன் கைமேல் ஏன் பழியைப் போட்டேன்?

பிறகு மருத்துவர் வரைபடத்தைக் காட்டினார். ஆழ்தூக்க அலைகளின் மேலேயே ஆல்ஃபா அலைகள், அதாவது கண்மூடி விழித்திருக்கும்போது வருபவை, ஏறி உட்கார்ந்திருந்தன. எங்களைப் போன்ற எல்லோருக்கும் இது இருக்காதாம், எங்களுக்கு மட்டுமே உரியதும் இல்லையாம். ஆனால் 1975இலேயே கனடாவில் மோல்டாஃப்ஸ்கி என்ற ஆய்வாளரின் குழுவினர் இதைக் கவனித்திருக்கிறார்கள். நோயில்லாத சிலரைச் சத்தம் எழுப்பி ஆழ்தூக்கத்துக்குப் போகவிடாமல் செய்தபோது, அவர்களுக்கும் உடம்பு வலி வந்ததாம். அதைக் கேட்டபோது, வெட்கமாக இருக்கிறது, கொஞ்சம் சந்தோஷப்பட்டேன்.

நடைமனிதன்:
எனக்கு அன்கைலோசிங் ஸ்பாண்டிலைடிஸ், முதுகெலும்பு மூட்டுகள் அழன்று இறுகும் நோய். உங்களுக்குப் படுக்கை ஆறுதல் தருவதில்லை. எனக்குப் படுக்கையே எதிரி. பின்னிரவு மூன்று மணிக்கு மேல் முதுகு சிமெண்டு போல இறுகிவிடும். எழுந்து நடந்தால்தான் இளகும். தசைப்பிடிப்பு என்று சொல்லியே ஆறு வருடம் ஓய்வெடுக்க வைத்தார்கள். “படுத்தால் குறைகிறதா, நடந்தால் குறைகிறதா?” என்று ஒரே ஒருவர்தான் கேட்டார்.

சொல்ல வந்தது அதையல்ல. ஓர் இரவு இருட்டில் கூடத்தின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை நடந்துகொண்டிருந்தேன். தண்ணீர் குடிக்க எழுந்து வந்த என் மகள், ஆறு வயது, கதவோரம் நின்று, “அப்பா, யாரைத் தேடுகிறீர்கள்?” என்று கேட்டாள். எதையும் தேடவில்லை என்றேன். “நேற்றும் தேடினீர்களே” என்றாள். எத்தனை இரவுகள் அங்கே நின்று பார்த்திருக்கிறாளோ.

நேரந்தவறாதவன்:
எனக்கும் பத்து வருடக் கழுத்துவலி. தூக்கம் போய், திரும்பவும் வந்தது. இரவுக்குருவி சொல்வதில் ஒரு குழப்பம் இருக்கிறது. அலைகளைப் பார்த்து என்ன ஆகப்போகிறது? பழக்கத்தை மாற்றுங்கள். நீங்கள் எல்லோரும் செய்யும் தவறு, வலிக்கிறதே என்று பகலிலும் படுக்கையிலேயே கிடப்பது. அங்கேயே வாசிப்பு, அங்கேயே தொலைபேசி, அங்கேயே கவலை. மூளை படுக்கையைக் கண்டாலே விழித்துக்கொள்ளப் பழகிவிடுகிறது. 1972இலேயே பூட்சின் என்ற உளவியலாளர் இதற்கு வழி சொல்லிவிட்டார்: தூக்கம் வந்தால்தான் படுக்கைக்குப் போக வேண்டும்; கொஞ்ச நேரத்தில், இப்போது சொல்லும் கணக்கில் சுமார் 20 நிமிடத்தில், தூக்கம் வரவில்லை என்றால் எழுந்து வேறு அறைக்குப் போய்விட வேண்டும்; கண் சொக்கினால் மட்டும் திரும்ப வேண்டும். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் எழுவது ஒரே நேரத்தில். 1987இல் ஸ்பீல்மன் என்ற தூக்க ஆய்வாளர் சொன்னது இன்னும் கண்டிப்பானது: ஆறு மணி நேரம்தான் தூங்குகிறீர்கள் என்றால் படுக்கையில் இருப்பதும் ஆறு மணி நேரம்தான். தூக்கம் கெட்டிப்பட்ட பிறகு கால் மணி நேரமாகக் கூட்டலாம். முதல் இரண்டு வாரம் நரகம், வண்டி ஓட்டாதீர்கள். நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்பு இந்த முறைகள் அடங்கிய சிகிச்சையைத்தான் முயல வேண்டும் என்று 2016இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பே பரிந்துரைத்திருக்கிறது. பக்கவாட்டில் படுப்பவர்கள் முழங்கால்களுக்கு இடையே தலையணை வையுங்கள். கடிகாரத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வையுங்கள். இதையெல்லாம் செய்துவிட்டு வந்து புலம்புங்கள்.

கோணல்விரல்:
நேரந்தவறாதவருக்கு: யாரும் யோசனை கேட்கவில்லை. ‘20 நிமிடத்தில் எழுந்துவிடுங்கள்’ என்று எனக்கும் ஒரு சிகிச்சையாளர் சொன்னார். எனக்கு முடக்குவாதம். விரல் உறையைக் கழற்றி, முழங்கையை ஊன்றி, ஒருக்களித்து, காலைக் கீழே இறக்கி நிமிர்வதற்குள் பதினெட்டு நிமிடம். கணக்குப் பார்த்துத்தான் சொல்கிறேன். விதி தவறு என்று சொல்லவில்லை. அதை எழுதியவருக்கு எழுந்து நிற்பது ஒரு வேலையாக இருந்திருக்காது, அவ்வளவுதான்.

என் கதை சின்னது. விடியற்காலை நான்கு மணி, விரல்கள் மடங்கவே மடங்காத நேரம். மாத்திரைக் குப்பியின் மூடியைப் பல்லால் கடித்துத் திருகினேன். கை நழுவி, மாத்திரைகள் அத்தனையும் தரையில் உருண்டன. கணவரை எழுப்ப மனமில்லை. இருட்டிலேயே தரையில் அமர்ந்து உள்ளங்கையால் ஒவ்வொன்றாக ஒதுக்கிச் சேர்த்தேன். இரண்டு கிடைக்கவில்லை. காலையில் அவர் அந்த இரண்டையும் கட்டிலுக்கடியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். “சத்தம் கேட்டது. எழுந்து வந்தால் உனக்குக் கோபம் வருமே என்று படுத்திருந்தேன்” என்றார். கோபம் வந்திருக்கும்தான். ஆனாலும் அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்ததை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

பாதிமாத்திரை:
நரம்புவலிக்கு அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம். மருந்துக்கடையில் பின்னால் ஏழெட்டுப் பேர் நிற்கும்போது, “இது மனச்சோர்வுக்கான மாத்திரை, தெரியுமா?” என்று உரக்கக் கேட்டார்கள். மனச்சோர்வுக்குக் கொடுப்பது இதைவிடப் பல மடங்கு அதிகம், வலிக்கு இந்தத் துளி போதும் என்று இன்றைக்கு அழகாகச் சொல்வேன். அன்றைக்கு, “என் அக்காவுக்கு” என்று சொல்லி வாங்கி வந்தேன். எனக்கு அக்காவே கிடையாது.

நேரந்தவறாதவன்:
கோணல்விரல், பதினெட்டு நிமிடம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அந்த முறையிலேயே எழ முடியாதவர்களுக்குப் படுக்கையில் சாய்ந்து உட்காரச் சொல்வதும் உண்டு, அதையாவது சொல்லியிருக்கலாம். ஆனாலும் கடிகாரத்தைத் திருப்பி வையுங்கள்.

கோணல்விரல்:
திருப்பியும் கைதான் வலிக்கும். இருந்தாலும் செய்கிறேன்.

பாதிமாத்திரை:
இரவுக்குருவி அக்கா (இப்போது ஒருவர் கிடைத்துவிட்டார்), வியாழக்கிழமை எனக்கும் அந்தப் பரிசோதனை. பசை எத்தனை குளியலில் போகும்?

இரவுக்குருவி:
மூன்று. வெந்நீரில் ஊறவிடு, சீப்பால் இழுக்காதே. காதுக்குப் பின்னால் இருப்பது மட்டும் நான்காவது நாள் வரை இருந்தது.