தொப்பூர் இறக்கத்துல லாரிக்கு எவ்வளவு 'ஃபோர்ஸ்'?

நல்லம்பள்ளிக்காரன்:
பத்தாவது லீவுல மாமா லாரியில கிளீனரா போனேன். தர்மபுரி தாண்டி, சேலம் பக்கம் தொப்பூர் கணவாய் இறக்கம். லோடோட 30 டன். செகண்ட் கியர்ல எஞ்சின் முனக முனக ஊர்ந்துச்சு வண்டி. "நியூட்ரல்ல விட்டா டீசல் மிச்சமாகுமே மாமா"ன்னேன். "மிச்சமாகுற காசுல நமக்குப் பால் ஊத்துவாங்க மாப்ள"ன்னார்.

இவ்ளோ பெரிய வண்டிக்குள்ள பயங்கர விசை இருக்குன்னு அப்போ நெனச்சேன். தப்பு. வேகம் மாறாம நேரா இறங்குறப்ப முடுக்கம், அதாவது வினாடிக்கு வேகம் எவ்வளவு மாறுதுங்கிற கணக்கு, பூச்சியம். சரிவு இழுக்குறதும், எஞ்சினும் பிரேக்கும் பிடிக்கிறதும் சரிக்குச் சரி. நிகர விசையும் பூச்சியம். வண்டிகிட்ட இருக்குறது உந்தம், அதாவது நிறையை வேகத்தால பெருக்கினது. மணிக்கு 36 கி.மீ.ன்னா வினாடிக்கு 10 மீட்டர். 30,000 கிலோவோட பெருக்குங்க, 3 லட்சம். அதே வேகத்துல ஆளோட 200 கிலோ பைக்குக்கு வெறும் 2,000.

விசை எப்ப வரும்? அந்த 3 லட்சத்தைக் கரைக்கிறப்ப. 10 வினாடியில நிறுத்தினா சராசரியா 30,000 நியூட்டன். முன்னாடி நிக்கிற வண்டி மேல மோதி அரை வினாடியில நின்னா 6 லட்சம். நியூட்ரல்ல எஞ்சின் பிடி போயிடும், பிரேக் ஒத்தையா மல்லுக்கட்டிச் சூடேறும், பிடி தளரும். அப்புறம் வினாடிக்கு வினாடி வேகம் ஏறும்.

சந்தூர் மாந்தோப்பு:
எங்க தோப்புல சாக்கை விரிச்சுப் பிடிச்சுத்தான் காயை வாங்குவோம். 5 மீட்டர் உயரத்துலேர்ந்து விழுற காயும் கிட்டத்தட்ட உங்க லாரி வேகத்துலதான் வரும்! தரையோ சாக்கோ, காய் இழக்குற உந்தம் ஒண்ணுதான். சாக்கு தொய்ஞ்சா நிக்கிற நேரம் நீளும், அடி குறையும். கல்யாணமான புதுசுல நான் விறைப்பா இழுத்துப் பிடிச்சு, அடிபட்ட காயை மண்டியில கழிச்சுட்டாங்க. "சாக்கை விட்டுக் குடும்மா"ன்னு மாமியார் ஒரு வாரம் சொல்லிட்டே இருந்தாங்க.

பாலக்கோடு வாத்தியார்:
1687-ல நியூட்டன் விசையைப் பத்தின தன்னோட இரண்டாம் விதியில சொன்னதே உந்த மாற்றத்தைத்தான். நிறை மாறாதப்ப அதையே நிறை × முடுக்கம்னு எழுதுறோம். உந்தத்துக்கு நியூட்டன்னு அலகு போடாத பேப்பர் கட்டை இன்னும் நான் பார்க்கல. நியூட்டன் வினாடி, கண்ணுகளா!

நல்லம்பள்ளிக்காரன்:
இதையெல்லாம் மாமாவுக்குப் படிச்சுக் காட்டினேன். "10 வினாடின்னு போட்டிருக்கியே, ரோடு காய்ஞ்சிருந்துச்சா, மழை பேஞ்சிருந்துச்சா?"ன்னு கேட்டார்.