அடுப்பில்லா பீனட் பட்டர் பிஸ்கெட் லேயர் டெசர்ட்: வெட்டினால் சரியுது, அடியில் தண்ணி விடுது. உதவி தேவை

கடலைக்கொல்லை (கேள்வி)

ஞாயிற்றுக்கிழமை 12 பேர் சாப்பிட வர்றாங்க. அதுக்குள்ள இதைச் சரிபண்ணணும். சென்னை வெயில், சமையலறையில ஏசி கிடையாது.

குறிப்பு அமெரிக்காவோடது. கீழே நட்டர் பட்டர் பிஸ்கெட் தூள், அதுமேல பீனட் பட்டர் கலந்த கிரீம் சீஸ், அதுமேல புட்டிங், கடைசியா சாக்லேட். 9×13 இஞ்ச் டிரேக்கான அளவைப் பாதியாக்கி 8 இஞ்ச் சதுரக் கண்ணாடி டிரேயில போட்டேன். இங்க கிடைக்கிறதை வச்சு மாத்தினது இப்படி:

அடி: மேரி பிஸ்கெட் 200 கிராம், உருக்கின வெண்ணெய் 60 கிராம்.
நடு: கிரீம் சீஸ் 120 கிராம், மிக்ஸியில அரைச்ச பீனட் பட்டர் 125 கிராம், பொடிச்ச சீனி 60 கிராம், டெட்ரா பேக் ஃப்ரெஷ் கிரீம் 200 மி.லி. பீட்டர்ல அடிச்சது.
மேல்: 350 மி.லி. பால், கஸ்டர்ட் பவுடர் 4 டேபிள்ஸ்பூன். குறிப்புல புட்டிங்கைக் குளிர்ந்த பால்ல அடிக்கச் சொல்லியிருந்தது. கெட்டியாகாததால அடுப்புல வச்சு லேசா சூடு பண்ணினேன்.
சாக்லேட்: டார்க் காம்பவுண்ட் 150 கிராம் உருக்கி ஊத்தினது.

சீக்கிரம் இறுகட்டும்னு ஃப்ரீசர்ல 3 மணி நேரம். வெளியே எடுத்து வெட்டினா சாக்லேட் கண்ணாடி மாதிரி உடையுது, நடு லேயர் பிதுங்குது, கஸ்டர்ட் தண்ணி விடுது, அடியில பிஸ்கெட் ஒரு பக்கம் உதிருது, ஒரு பக்கம் கூழ். எதை முதல்ல சரிபண்ணணும்?

மாவும்சீனியும்

ரெண்டு விஷயம் சொல்லுங்க. கிரீம் பாக்கெட்டுல கொழுப்பு எத்தனை சதவீதம்னு போட்டிருக்கு? கஸ்டர்ட் கொதி வந்துச்சா, இல்ல சும்மா கெட்டியானதும் இறக்கிட்டீங்களா?

கடலைக்கொல்லை

25%. கொதிக்கலை, ஓரத்துல கெட்டியாக ஆரம்பிச்சதும் இறக்கிட்டேன். அரைச்ச கடலை வெண்ணெய்ல மேல எண்ணெய் மிதந்துச்சு, கலக்கிட்டுத்தான் போட்டேன்.

மாவும்சீனியும்

அப்போ காரணம் தெளிவு. அமெரிக்கக் குறிப்பு சுலபமா இருக்கிறதுக்குக் காரணமே இறுக வைக்கிற வேலையை டப்பாவுக்குள்ள இருக்கிற பொருள் செஞ்சுடுது. அதுல கிரீமுக்குப் போடுற கூல் விப் 1966-ல வந்த உறைகுளிர் கிரீம். ஏற்கெனவே அடிச்சு, சரியாம நிக்கிறதுக்கான ஸ்டெபிலைசர் சேர்த்துதான் விக்கிறாங்க. குளிர்ந்த பால்ல அடிச்சாலே இறுகுற இன்ஸ்டன்ட் புட்டிங் பவுடர்ல மாவுச்சத்து முன்கூட்டியே வேகவச்சுக் காயவச்சது; அதோட பாஸ்பேட் உப்பும் இருக்கு, அது பால் புரதத்தைக் குளிர்லயே பிடிச்சு இறுக்கும். நீங்க ரெண்டையும் மாத்தினீங்க, ஆனா அதுங்க பார்த்த வேலையை யார்கிட்டயும் ஒப்படைக்கலை.

முதல்ல கிரீம். அடிக்கும்போது கொழுப்புத் துளிகள் ஒண்ணோட ஒண்ணு பாதி ஒட்டி காற்றுக் குமிழைச் சுத்தி நிக்கணும். அதுக்குக் குறைஞ்சது 30% கொழுப்பு வேணும், 35% இருந்தா நிம்மதி. 25%ல நுரை எழும்பும், கால் மணி நேரத்துல அமுங்கும். எவ்வளவு அடிச்சாலும் அவ்வளவுதான். அந்தப் பாக்கெட்டைத் தூக்கிப் போடாதீங்க, சாக்லேட்டுக்கு அதுதான் சரி.

சென்னைக்கு என் தேர்வு நான்-டெய்ரி (பால் கொழுப்புக்குப் பதிலா பாம் கொழுப்பு உள்ள) விப்பிங் கிரீம். பேக்கரிப் பொருள் விக்கிற கடையில 1 லிட்டர் டப்பா உறைஞ்ச நிலையில கிடைக்கும். முந்தின ராத்திரியே ஃப்ரீசர்லேர்ந்து ஃபிரிட்ஜுக்கு மாத்துங்க. வெளியில வச்சு உருக்காதீங்க. டப்பாவை ஆட்டிட்டு 200 மி.லி. அளந்து, ஐஸ் தண்ணி மேல வச்ச பாத்திரத்துல அடிங்க. மூணு நாலு மடங்கு உப்பும். கம்பியைத் தூக்கினா நுனி லேசா மட்டும் வளையணும், அங்க நிறுத்துங்க. அதுக்கு மேல போனா ரவை மாதிரி திரியும். அப்படி ஆயிட்டா அடிக்காத கிரீம் 2 ஸ்பூன் விட்டுக் கையால மெதுவா கலந்தா பெரும்பாலும் திரும்பிடும்.

இதுல சீனி ஏற்கெனவே இருக்கு. உங்க 60 கிராம் சீனியை 15-ஆக்குங்க, இல்லாட்டி திகட்டும். பாம் கொழுப்பு வாயில ஒட்டுதேன்னு நினைச்சா 35% பால் கிரீம் 250 மி.லி. எடுக்கலாம், ருசி கண்டிப்பா உசத்தி. ஆனா ஏசி இல்லாத சமையலறையில அதை அடிக்கிறது சிரமம். 10 டிகிரிக்கு மேல ஏறினா கொழுப்பு இளகி, நுரை நிக்காம வெண்ணெயா பிரிஞ்சிடும்.

குளிர்பெட்டி

கிரீம் பத்தி சகோ சொன்னது சரி. தண்ணி விட்டது முழுக்க கஸ்டர்ட் பண்ணின வேலை, அதைச் சொல்றேன்.

கஸ்டர்ட் பவுடர்ங்கிறது நிறமும் வாசமும் சேர்த்த சோளமாவு. பச்சை மாவு. குளிர்ந்த பால்ல எவ்வளவு கலக்கினாலும் அடியில படியும். சூடு பண்ணினா 70 டிகிரி வாக்குல கெட்டியாகத் தொடங்கும், ஆனா அது பாதி வழிதான். கொப்புளம் கிளம்பி முழுசா கொதிச்சதுக்கு அப்புறம் ஒரு நிமிஷம் விடாம கிண்டினாத்தான் மாவுத் துகள் முழுக்க வீங்கி, ஆறினப்புறம் வெட்டுற பதத்துக்கு நிக்கும்.

அளவு: பால் 400 மி.லி., கஸ்டர்ட் பவுடர் 32 கிராம், அதாவது தலைதட்டின 4 டேபிள்ஸ்பூன். சீனி 50 கிராம், வெண்ணெய் 15 கிராம், உப்பு ஒரு சிட்டிகை. 100 மி.லி. ஆறின பால்ல மாவைக் கரைச்சு, மீதிப் பாலும் சீனியும் கொதிக்கும்போது ஊத்துங்க. விஸ்க்கால கிண்டுங்க, கரண்டின்னா மூலையில கட்டி பிடிக்கும். கொதி வந்து ஒரு நிமிஷம், அடுப்பை அணைச்சு வெண்ணெய்.

ருசி பார்த்த ஸ்பூனை மறுபடி உள்ள விடாதீங்க. எச்சில்ல இருக்கிற அமிலேஸ் என்சைம் மாவுச்சத்தை உடைக்கும். நல்லா இறுகின கஸ்டர்ட்கூட மறுநாள் நீர்த்துப் போயிருக்கும். காரணம் புரியாம மாவு மேல பழி போடுவாங்க.

அடுத்து ஃப்ரீசர். சோளமாவு கஸ்டர்டை உறையவச்சு உருக்கினா, பிடிச்சு வச்ச தண்ணியை அது வெளியே தள்ளிடும். உங்க அடிப் பிஸ்கெட் ஒரு பக்கம் கூழானது அதனாலதான். கஸ்டர்ட் ஊத்தினதுக்கு அப்புறம் டிரே ஃப்ரீசர் பக்கமே போகக்கூடாது.

ஊத்துற பதம் முக்கியம். சுடச்சுட ஊத்தினா கீழ இருக்கிற கிரீம் உருகும். முழுக்க இறுகினப்புறம் கலக்கி ஊத்தினா உடைஞ்ச இறுக்கம் திரும்பச் சேராது, தண்ணி கசியும். பாத்திரத்தை ஐஸ் தண்ணியில உக்கார வச்சு, ஸ்பேச்சுலாவால மெதுவா அடியிலேர்ந்து புரட்டுங்க. பாத்திரத்தோட அடியைத் தொட்டா சில்லுனு இருக்கணும், கஸ்டர்ட் இன்னும் வழியணும். அந்த நேரத்துல ஊத்திடுங்க. டிரேயிலேயே இறுகட்டும். கிளிங் ராப்பை மேல்பரப்போட ஒட்டிப் போட்டா ஆடை படியாது. சாக்லேட் ஊத்துறதுக்கு முன்னால உரிச்சிடுங்க.

நியூஜெர்சி_அடுப்படி

நட்டர் பட்டர் பிஸ்கெட் சாண்ட்விச் மாதிரி, நடுவுல கடலை கிரீம் இருக்கும். அந்தக் கொழுப்பு தூளோட கலக்கிறதால அமெரிக்க அளவுல வெண்ணெய் குறைச்சலா இருக்கும். மேரி வறண்ட பிஸ்கெட். 200 கிராமுக்கு 60 கிராம் வெண்ணெய் பத்தவே பத்தாது, 100 போடுங்க. வெண்ணெய் நிறைய உள்ள குக்கி வகைன்னா 70 போதும். பதம் பார்க்க, தூளைக் கையில பிடிச்சா உருண்டையா நிக்கணும், விரல்ல எண்ணெய் வழியக்கூடாது. தட்டையான கிண்ணத்தோட அடியால அழுத்தி 15 நிமிஷம் ஃப்ரீசர். வெறும் அடியை மட்டும் ஃப்ரீசர்ல வைக்கிறதுல தப்பில்ல.

தூளாக்காம முழு பிஸ்கெட்டை அடுக்கிறது இன்னும் சுலபம், உதிரும்ங்கிற பேச்சே இல்ல. மேரியைப் பால்ல ஒரு தடவை முக்கி எடுத்து அடுக்குங்க.

குளிர்பெட்டி

அடுக்கிறது சரி, முக்கிறது வேண்டாம். மேரி மெல்லிசு, மேல இருக்கிற கிரீம்ல உள்ள ஈரமே ராத்திரியோட அதை கேக் பதத்துக்குக் கொண்டுவரும். பால்ல முக்கினா மறுநாள் பிஸ்கெட்டுக்குப் பதிலா கஞ்சி. 2 மணி நேரத்துல பரிமாறணும்னு இருந்தா மட்டும் முக்கலாம்.

நியூஜெர்சி_அடுப்படி

ராத்திரி முழுக்க வைக்கிறதா இருந்தா ஒத்துக்கறேன். கனமான கிரஹாம் வகை பிஸ்கெட்டுக்குத்தான் நான் சொன்னது சரிவரும்.

மாவும்சீனியும்

நடு லேயர் சேர்க்கிற விதம் விட்டுப்போச்சு. 120 கிராம் கிரீம் சீஸ் 8 இஞ்ச் டிரேக்கு மெல்லிசா போயிடும், 200 ஆக்குங்க. பீனட் பட்டர் 150. கிரீம் சீஸ் ஃபிரிட்ஜிலேர்ந்து எடுத்து அரை மணி நேரம் வெளியே இருக்கட்டும். தனியா அடிச்சு கட்டியே இல்லாம ஆன பிறகுதான் பீனட் பட்டர். சேர்த்த பிறகு கட்டி தெரிஞ்சா அது கரையாது.

கலவை கெட்டியா இருக்கேன்னு ஒரு ஸ்பூன் பால் விடாதீங்க. பீனட் பட்டர்ல பாதிக்குக் கிட்ட கொழுப்பு. கொஞ்சூண்டு ஈரம் பட்டா தளர்றதுக்குப் பதிலா இன்னும் இறுகும். அடிச்ச கிரீம்ல மூணுல ஒரு பங்கைப் போட்டு நல்லாவே கலந்து இளக்குங்க, அந்தப் பங்கு அமுங்கினா பரவாயில்ல. மீதியை மட்டும் மடிச்சு மடிச்சு சேருங்க.

வீட்ல அரைச்ச கடலை வெண்ணெய்ல எண்ணெய் பிரியறதைத் தடுக்க எதுவும் இல்ல. கடையில வாங்குறதுல பெரும்பாலும் இறுகின தாவர எண்ணெய் சேர்த்திருப்பாங்க. உங்களுதுக்கு, 150 கிராமுக்கு 15 கிராம் வாசமில்லாத சுத்திகரிச்ச தேங்காய் எண்ணெய் சேர்த்து அரைங்க. அது 24 டிகிரிக்குக் கீழ உறையும், ஃபிரிட்ஜ்ல லேயரைப் பிடிச்சு நிறுத்தும். பூண்டுச் சட்னி அரைச்ச ஜார் வேண்டாம்னு சொல்லத் தேவையில்லைன்னு நினைக்கிறேன். கடலையில கசப்போ சிக்கு வாசமோ பூஞ்சையோ தெரிஞ்சா அந்தக் கடலை மொத்தமும் குப்பைக்கு.

சாக்லேட்: 150 கிராம் காம்பவுண்டுக்கு உங்ககிட்ட இருக்கிற அதே 25% கிரீம் 100 மி.லி. கிரீமை ஓரம் நுரைக்கிற அளவு சூடாக்கி நறுக்கின சாக்லேட் மேல ஊத்தி 2 நிமிஷம் விட்டு, நடுவிலேர்ந்து வட்டமா கலக்குங்க. கையில தொட்டா சூடே தெரியாத பதத்துல ஊத்துங்க. வெறும் சாக்லேட் ஃபிரிட்ஜ்ல பலகையாகும், அதான் உடைஞ்சது.

கடலைக்கொல்லை

ரொம்ப நன்றி. இன்னும் மூணு கேள்வி. கிரீம் சீஸ் விலை கட்டுப்படியாகலை, கட்டித்தயிர் போடலாமா? வர்றவங்கள்ல சைவம் உண்டு, ஜெலட்டின் கூடாது, அப்போ கடல்பாசி சேர்க்கணுமா? எவ்வளவு நேரம் மேசையில வைக்கலாம்?

குளிர்பெட்டி

தயிர்: முழுக் கொழுப்புத் தயிர் அரை கிலோவைத் துணியில கட்டி ஃபிரிட்ஜ்லயே ராத்திரி தொங்கவிட்டா சுமார் 200 கிராம் தேறும். புளிக்காத தயிரா இருக்கணும். கிரீம் சீஸ் அளவுக்கு இறுகாது, அதனால பீனட் பட்டரை 180 ஆக்குங்க. துண்டு கொஞ்சம் இளக்கமாதான் வரும். 12 பேர் முன்னால வெட்டி வைக்கிறதா இருந்தா பாதி தயிர், பாதி கிரீம் சீஸ்னு போங்க. தயிர் மட்டும்னா டிரே வேண்டாம், சின்ன டம்ளர்கள்ல அடுக்கிடுங்க. வெட்டுற பிரச்சினையே வராது.

கடல்பாசி வேண்டாம். கொதிக்கவச்சுக் கரைக்கணும், 40 டிகிரிக்குக் கீழ வந்ததுமே இறுகத் தொடங்கும். குளிர்ந்த கிரீம்ல ஊத்தின நொடியே நூல் நூலா திரியும். மேல சொன்ன அளவுல ஜெலட்டினும் தேவையில்ல. கிரீம் சீஸ், விப்பிங் கிரீம் பாக்கெட்டுல பச்சைப் புள்ளி இருக்கான்னு மட்டும் பாருங்க.

மேசையில 20 நிமிஷம். அதுக்கு மேல சாக்லேட் வழியும், கிரீம் தளரும். 32 டிகிரிக்கு மேல வெயில் இருக்கிற நாள்ல, பால் சேர்ந்த எதையும் ஒரு மணி நேரத்துக்கு மேல வெளியே விட்டா மறுபடி ஃபிரிட்ஜ்ல வச்சுச் சாப்பிடாதீங்க.

நியூஜெர்சி_அடுப்படி

நேரக் கணக்கு: சனிக்கிழமை சாயங்காலம் அடி, 15 நிமிஷம் ஃப்ரீசர். கடலை லேயர், ஃபிரிட்ஜ்ல 1 மணி நேரம். கஸ்டர்ட், 3 மணி நேரம். படுக்கப் போறதுக்கு முன்னால சாக்லேட். ஞாயிறு மதியம் வெட்டலாம். வெள்ளிக்கிழமை ராத்திரியே கிரீம் டப்பாவை ஃப்ரீசர்லேர்ந்து கீழே இறக்க மறக்காதீங்க. கரண்ட் போற ஏரியான்னா ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து திறந்து பார்க்காதீங்க.

வெட்ட: கத்தியை வெந்நீர்ல முக்கித் துடைச்சு நேரா கீழ அழுத்துங்க, அறுக்காதீங்க. ஒவ்வொரு வெட்டுக்கும் துடைங்க. முதல் துண்டு எப்படியும் சிதையும், அதைச் சமைச்சவங்க வச்சுக்கலாம். 8 இஞ்ச் டிரேக்கு 3×4 வெட்டினா 12 வரும், ரெண்டாவது தடவை கேட்டா இருக்காது.

கடலை ஒத்துக்காதவங்க யாராவது வர்றாங்களான்னு முன்னாடியே போன்ல கேட்டுடுங்க. சாக்லேட் மூடியிருந்தா உள்ள கடலை இருக்கிறது கண்ணுக்குத் தெரியாது, குழந்தைங்க எடுத்துடுவாங்க. மேல வறுத்த வேர்க்கடலையைக் கொஞ்சம் உடைச்சுத் தூவி வச்சா பார்த்ததும் புரியும்.