ரெட்ஷிப்டில் சீஎஸ்வி கோப்புகளை ஏற்றும்போது எழும் வழுக்கள்: ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். கொழும்பிலுள்ள ஒரு விநியோக நிறுவனத்தின் வாடிக்கையாளர் விபரங்களை, காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட சீஎஸ்வி கோப்புகளிலிருந்து அமேசன் ரெட்ஷிப்ட் தரவுக் களஞ்சியத்துக்குக் கொப்பி கட்டளை மூலம் ஏற்றி வருகிறேன். முகவரி நிரலில்தான் வழுக்கள் எழுகின்றன.

முதலாவது வழு 1204, அதாவது பெறுமதி நிரலின் நீளத்தை மீறுகிறது என்பது. வார்கேர் எனும் எழுத்துத்தர வகை நிரலின் நீளத்தை ரெட்ஷிப்ட் எழுத்துகளில் அன்றிப் பைட்டுகளில் கணக்கிடுகிறது. கண்ணுக்கு ஆறெழுத்தாகத் தெரியும் ‘வெள்ளவத்தை’, யூடிஎப்-8 குறிமுறையில் 30 பைட்டுகளைப் பிடித்துக்கொள்கிறது. நிரலை அகலமாக்கியதும் அது தீர்ந்தது. மீதியை வெட்டிவிடும் தெரிவும் உண்டுதான். ஆனால் பாதி முகவரியை வைத்துக்கொண்டு பொருளை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது?

தீராதது மற்றொன்று. ‘காலி வீதி, வெள்ளவத்தை’ போன்ற முகவரிகள் இரட்டை மேற்கோளுக்குள் வருகின்றன. ஆனால் உள்ளே கடைப்பெயருக்கு இடப்பட்ட மேற்கோளை இரட்டிப்பாக்காமல், அதன் முன் பின்சாய்கோடு இட்டு அனுப்புகிறார்கள். கொப்பி கட்டளையில், சீஎஸ்வி தெரிவுடன், பின்சாய்கோட்டை அடுத்துவரும் குறியைச் சாதாரண எழுத்தாகக் கொள்ளும் எஸ்கேப் தெரிவைச் சேர்க்க முடியாது. சீஎஸ்வி தெரிவை விட்டு, சுற்றியுள்ள மேற்கோள்களை நீக்கும் ரிமூவ்கோட்ஸுடன் எஸ்கேப்பைச் சேர்த்தால் மேற்கோள் பிரச்சினை நீங்குகிறது. ஆயினும் சில முகவரிகளின் நடுவே பின்சாய்கோடில்லாத வரிமுறிவு இருப்பதால், அந்த நிரைகள் இரண்டாகப் பிளந்து, ஏற்றல் வழுக்களைப் பதியும் எஸ்டிஎல்_லோட்_எரர்ஸ் அட்டவணையில் வழுக்களாகப் பதிவாகின்றன. எத்தனை வழுக்கள் வரை பொறுக்கலாம் என்பதைக் குறிக்கும் மெக்ஸ்எரர் எண்ணிக்கையை உயர்த்தி அவற்றைக் கடந்துபோக எனக்கு விருப்பமில்லை.

அனுப்புபவர்கள் தமது பழைய மென்பொருளை மாற்ற இயலாது என்கிறார்கள். ஏற்றுவதற்கு முன் பைதன் மூலம் கோப்பை மீளெழுதுவதைத் தவிர வேறு வழி உண்டா? அப்படி எழுதுவதாயின், அதை, ரெட்ஷிப்டில் ஏற்றுமுன் கோப்புகளை வைக்கும் அமேசனின் எஸ்3 சேமிப்பகத்துக்கு அவை வருமுன் செய்வது நல்லதா, வந்தபின் செய்வது நல்லதா? இத்தகைய கோப்புகளைக் கையாண்டவர்கள் அறியத்தந்தால் பேருதவியாக இருக்கும்.