ஸ்க்ரோல் அங்கே போக மாட்டேன் என்கிறது: பட்டவர்கள் சொல்லுங்கள்

பெங்களூரில் பெல்லந்தூர் பக்கம் ஒரு சின்ன கம்பெனியில் ஆண்ட்ராய்டு ஆப் எழுதும் வேலை பார்க்கிறேன். போன வருடம் ஒரு காப்பீட்டுப் படிவம் செய்தோம். "உறுப்பினரைச் சேர்" என்று தட்டினால் ஒரு கார்டு முளைக்கும். அதற்குள் இன்னொரு பெட்டி, அதற்குள் பிறந்த தேதி, நோய் விவரம். எல்லாமே சர்வர் அனுப்புவதைப் பார்த்துக் கோடில் உருவாக்குவது. புது கார்டு வந்தால் திரை அங்கே போக வேண்டும். ஏதாவது கட்டம் தப்பாக இருந்தால் அங்கே போக வேண்டும். கேட்டது அவ்வளவுதான். எங்கள் கன்னட லீட் காலையிலேயே "ஆய்த்தா?" (முடிந்ததா?) என்றார். நானும் மதியத்துக்குள் முடிந்துவிடும் என்றேன்.

கார்டைத் திரையில் சேர்க்கும் ஆட்வியூ போட்ட அடுத்த வரியிலேயே, திரையை நகர்த்தும் ஸ்மூத்ஸ்க்ரோல்டூ. திரை அசையவே இல்லை. லாகில் பார்த்தால், கார்டு மேலிருந்து எவ்வளவு தூரம் என்று சொல்லும் கெட்டாப் 0. கார்டு பெட்டிக்குள் பெட்டியாக உள்ள வியூ மரத்தில் தொங்குகிறதே தவிர, அளந்து இடம் கொடுக்கும் வேலை இன்னும் நடக்கவில்லை. அது திரையை அடுத்த முறை வரையும்போதுதான் நடக்கும். இதெல்லாம் தெரிந்தும் என்ன செய்தேன்? போஸ்ட்டிலேய்டு, அதாவது கொஞ்சம் பொறுத்துச் செய் என்பது, 300 மில்லிசெகண்ட். என் போனில் ஜம்மென்று போனது. டெஸ்டிங் அக்காவின் பழைய போனில் நகரவில்லை. 500 ஆக்கினேன். வெட்கம்தான், ஆனால் ஆக்கினேன்.

அப்புறம் புத்தி வந்து, இடம் ஒதுக்கி முடிந்ததும் ஓடும் டூஆன்லேஅவுட்டுக்கு மாறினேன். கார்டுக்குச் சரியாகப் போனது. ஆனால் மூன்றாவது கார்டில் தேதி தப்பு என்றால் படிவத்தின் உச்சிக்கே ஓடியது! இப்போது கெட்டாப் 24. பூஜ்யம் இல்லை என்பதால் அதன் மேல் சந்தேகமே வரவில்லை. அரை நாள் அனிமேஷனைத் திட்டிக்கொண்டிருந்தேன். கெட்டாப் சொல்வது நேர் தாய்ப்பெட்டியிலிருந்து உள்ள தூரம் மட்டும். நம்ம ஊரில் "ஐந்தாவது கிராஸ்" என்று மட்டும் ஆட்டோக்காரரிடம் சொல்வது போல. எந்த மெயின் ரோடு, எந்தக் குடியிருப்பு? கடைசியில் ஒவ்வொரு தாயாக மேலே ஏறி, முழுப் படிவத்தையும் நகர்த்தும் ஸ்க்ரோல்வியூ வரும்வரை கெட்டாப்பைக் கூட்டி ஒரு லூப் எழுதினேன். ஓடுகிறது.

மறுமொழி

அந்த லூப்பை நானும் எழுதியிருக்கிறேன், ப்ரோ. தேவையே இல்லை. கட்டத்தின் கெட்டிராயிங்ரெக்ட்டை, அதாவது அதன் செவ்வகத்தை, எடுத்து, ஸ்க்ரோல்வியூவின் ஆஃப்செட்டிசென்டன்ட்ரெக்ட்டூமைகோர்ட்ஸிடம் கொடுங்கள். எத்தனை அடுக்கு இருந்தாலும் அதுவே கூட்டிக் கொடுக்கும். பெயர்தான் மெஜஸ்டிக் பஸ் போர்டு நீளம்.

ரிக்வெஸ்ட்ரெக்டாங்கிள்ஆன்ஸ்கிரீன் என்று ஒன்றும் இருக்கிறது. அது கட்டம் கண்ணில் படும் அளவுக்கு மட்டும் நகர்த்தும். கட்டம் கீழே இருந்தால் கீழ் விளிம்பில் ஒட்டிக்கொண்டு நிற்கும், எங்கள் டிசைனருக்குப் பிடிக்கவில்லை.

மறுமொழி

நான் ஐஓஎஸ், இந்திராநகர். இங்கேயும் அதே கூத்துதான். ஒரு பெட்டியின் இடத்தைச் சொல்லும் ஃப்ரேம், சூப்பர்வியூவை (நேர் தாய்ப்பெட்டியை) வைத்துச் சொல்லும் கணக்கு. கன்வர்ட் போட்டு ஸ்க்ரோல்வியூவின் கணக்குக்கு மாற்ற வேண்டும். அதற்கு முன் லேஅவுட்இஃப்நீடட் கூப்பிட்டால் காத்திருக்காமல் அங்கேயே இடம் ஒதுக்கிவிடும். நான் இதை மறந்து, ரிலீஸ் அன்று ராத்திரி பதினொன்றரைக்குக் கண்டுபிடித்தேன்.

கேட்டவர்

லூப்பைத் தூக்கிவிட்டேன், நன்றி. பிறகு ஒன்று கவனித்தேன்: எடிட்டெக்ஸ்ட்டுக்கு (எழுதும் கட்டத்துக்கு) கர்சரைக் கொண்டுபோகும் ரிக்வெஸ்ட்ஃபோகஸ் கொடுத்தால் ஸ்க்ரோல்வியூ தானாகவே அங்கே போகிறது. நானும் ஸ்க்ரோல் செய்ய, அதுவும் செய்ய, திரை ஒரு குதி குதித்தது. இப்போது ஃபோகஸை முதலில் கொடுத்துவிட்டு, பிறகுதான் ஸ்க்ரோல் செய்கிறேன். அந்த 500 இன்னும் வேறொரு திரையில் கிடக்கிறது. லீடிடம் சொல்லவில்லை.