வளாகத்து மழைநீர் வேலைக்கு எல்லோரையும் எப்படிச் சேர்ப்பது?

கேள்வி:
ஒரு மணி நேரம் பலத்த மழை பெய்தாலே எங்கள் பல்கலைக்கழக நூலகத்துக்குப் பின்னால் வண்டி நிறுத்தும் இடத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. வடிகால் வாயைக் காய்ந்த இலையும் பிளாஸ்டிக் கோப்பையும் அடைத்துக்கொள்கின்றன. மாணவர்களையும் ஊழியர்களையும் இதில் இறக்க எங்கிருந்து தொடங்கலாம்?

பதில் 1:
மழை பெய்யும்போதே குடையோடு பத்துப் பேர் நடந்து, தண்ணீர் எங்கே ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று வளாக வரைபடத்தில் அம்புக்குறி போடுங்கள். இடி மின்னல் என்றால் வேண்டாம். அப்புறம் கணக்கு: ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர். 1,000 சதுர மீட்டர் கூரையில் 25 மி.மீ. பெய்தால் 25,000 லிட்டர். அந்தக் கட்டடத்தின் வாசலிலேயே இதை எழுதி வையுங்கள், ஆள் தானாக வரும்.

பதில் 2:
மழைநீர் வடிகால் பல இடங்களில் சுத்திகரிப்பு எதுவும் இல்லாமல் நேரே ஏரிக்கோ ஓடைக்கோ போகிறது. இது தெரியாமல்தான் தரை துடைத்த தண்ணீரையும் எண்ணெயையும் அதில் கொட்டுகிறார்கள். இங்கே கொட்டுவது மீன் வாழும் தண்ணீருக்கே போகும் என்று புரிய, வடிகால் வாய் ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு மீன் படம் வரையுங்கள்.

பதில் 3:
மழைத்தோட்டம் (மழைநீர் தேங்கி மண்ணுக்குள் இறங்கும்படி பள்ளமாக அமைக்கும் செடிப் பாத்தி) போடுவதானால் முதலில் சிறு குழி தோண்டித் தண்ணீர் ஊற்றி எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பாருங்கள். இரண்டு நாளுக்குள் வடிந்துவிட்டால் கொசுப் பயம் இல்லை. விடுமுறையில் மாணவர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், அதனால் தோட்டப் பணியாளர்களை முதல் கூட்டத்துக்கே கூப்பிடுங்கள். எந்த மூலையில் தண்ணீர் நிற்கும் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.