புதுப்பிப்பு: ஓ'சல்லிவன் பெயரின் பூர்விகம்

அயர்லாந்தின் ஓ'சல்லிவன் குடும்பப் பெயர் ஆதியிலிருந்தே தென்மேற்கில் உள்ள கார்க், கெர்ரி மாவட்டங்களுக்கு உரியது என்று முன்பு எழுதியிருந்தேன். அது தவறு. அவர்களின் பூர்விகம் டிப்பரரி மாவட்டம். அங்கே ஷூர் ஆற்றை ஒட்டிய நாக்கிராஃபன் என்ற ஊர். 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்திலிருந்து படையெடுத்து வந்த நார்மானியர் நெருக்கியதால்தான் தென்மேற்கே பெயர்ந்தார்கள். இன்றும் இப்பெயர் அடர்ந்திருப்பது அங்கேதான்.

பெயரில் உள்ள 'சூல்' ஐரிஷ் மொழியில் கண். முழுப் பெயரின் பொருள் கருங்கண்ணனா, ஒற்றைக்கண்ணனா என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. எனக்குக் கருங்கண்ணன்தான் பிடித்திருக்கிறது.

படித்ததில் என்னை உலுக்கியது வேறொன்று. ஆங்கிலேயப் படைகளிடம் தோற்ற குலத்தலைவர் டோனல் காம் ஓ'சல்லிவன் பேரா, 1602 டிசம்பர் 31 அன்று சுமார் 1,000 பேருடன் கார்க் மாவட்டத்தின் கிளென்கேரிஃபிலிருந்து வடக்கே கிளம்பினார். ஷானன் ஆற்றைக் கடக்கக் குதிரைகளைக் கொன்று, அவற்றின் தோலால் படகு கட்டினார்கள். இரண்டு வாரம் கழித்து லீட்ரிம் போய்ச் சேர்ந்தவர்கள் 35 பேர்.