50 ரூபாய் நட்ஸ் பார் வாங்கலாமா, கடலை மிட்டாயே போதுமா?

பாம்பன்கரை:
இப்ப எங்க ஊர்ப் பெட்டிக்கடையிலகூட நட்ஸ் பார், ஃப்ரூட் பார் சரம் சரமாத் தொங்குது. 35 கிராம், 50 ரூபாய். வீட்டுக்காரர் விசைப்படகுல போனா மறுநாள் காலையிலதான் கரை சேருவார். ராத்திரி வலை வாங்குற நேரத்துல கடிச்சுக்க எதாவது கொடுத்துவிடணும். எட்டாவது படிக்கிற பையனும் இதையேதான் கேக்குறான். மாமியாருக்குச் சர்க்கரை நோய், மாத்திரை சாப்பிடுறாங்க. 'சர்க்கரை சேர்க்காதது'ன்னு போட்ட பார் அவங்களுக்கு ஆகுமா?

ஒரு உறையோட பின்பக்கத்துல இருக்குறத அப்படியே எழுதுறேன்: பாதாம் 22%, குளுக்கோஸ் சிரப், ஓட்ஸ், சர்க்கரை, நிலக்கடலை, இனிப்பூட்டிய கிரான்பெர்ரி 8%, இன்வர்ட் சிரப், பாமாயில், தேன் 2%. 100 கிராமுக்கு 455 கலோரி, புரதம் 10 கிராம், மொத்தச் சர்க்கரை 36 கிராம், அதுல சேர்த்த சர்க்கரை 30 கிராம். இது நல்லதா?

உணவியல்_ராம்நாடு:
உறையை முழுசாக எழுதியது நல்லதாயிற்று, இனி ஊகம் வேண்டாம். கணக்கே போட்டுவிடலாம்.

எடை எதில் அதிகமோ அதுதான் பட்டியலில் முதலில் வரவேண்டும் என்பது சட்டம். பாதாம் முதலில் இருக்கிறது, சரி. ஆனால் குளுக்கோஸ் சிரப், சர்க்கரை, இன்வர்ட் சிரப், தேன் நான்கும் சர்க்கரைதான். நான்கு பெயரில் பிரித்து எழுதியதால் ஒவ்வொன்றும் பாதாமுக்குக் கீழே போய்விட்டது. ஒன்றாகச் சேர்த்தால் சர்க்கரைதான் முதலிடம். எந்த பாரை எடுத்தாலும் முதலில் இந்தக் கூட்டலைப் போட்டுப் பாருங்கள்.

உறையில் 100 கிராம் கணக்குதான் இருக்கிறது, நாம் தின்பது 35 கிராம். அதில் சேர்த்த சர்க்கரை பத்தரை கிராம், அதாவது இரண்டு தேக்கரண்டிக்கு மேல். ஒரு நாளைக்கு 2,000 கலோரி சாப்பிடும் ஒருவர் இந்த வகைச் சர்க்கரையை 50 கிராமுக்குள் வைக்க வேண்டும், 25 கிராமுக்குள் வைத்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது. பையன் ஒரு பாரும் ஒரு டீயும் முடித்தாலே அந்த 25-ல் பெரும்பகுதி தீர்ந்துவிடும். புரதம் மூன்றரை கிராம். ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது.

பாதாம் 22% என்றால் 7.7 கிராம், எண்ணினால் ஆறு பருப்பு. தேன் முக்கால் கிராம்கூட இல்லை, முன்பக்கப் படத்துக்குத்தான் அது. கிரான்பெர்ரி புளிக்கும் பழம், இனிப்பில் ஊறவைக்காமல் யாரும் போடுவதில்லை. ஆக 'பழம்' என்று தனியாக மகிழ அதில் ஒன்றும் இல்லை. விலையைக் கிலோவுக்குப் பெருக்கினால் 1,400 ரூபாய்க்கு மேல் வருகிறது. அந்தக் காசுக்கு நல்ல முந்திரியே ஒரு கிலோ வாங்கிவிடலாம்.

விஷம் என்று சொல்ல மாட்டேன். இது ஒரு மிட்டாய். மிட்டாய் என்று நினைத்து எப்போதாவது வாங்கினால் தவறில்லை. சத்துணவு என்று நினைத்துத் தினமும் பையனின் பையில் வைப்பதுதான் தவறு.

கீழக்கரை_பலகாரம்:
அக்கா, கடலை மிட்டாயை வீட்டிலேயே போடலாம். ஆனால் நம்ம கடற்கரை ஈரக்காற்றுக்கு ஏற்றபடி போடணும். இல்லாவிட்டால் ரெண்டே நாளில் பிசுபிசுத்துப் போகும்.

நிலக்கடலை 250 கிராம். சின்னத் தீயில் 12 முதல் 15 நிமிஷம், தோலில் கரும்புள்ளி விழுந்து, கடித்தால் உள்ளே பச்சை வாசம் இல்லாத வரை வறுக்கணும். ஆறவிட்டுத் தோல் நீக்கிப் புடைத்து, சுருங்கினது, நிறம் மாறினது, பூஞ்சை பட்டது எல்லாவற்றையும் பொறுக்கி எறிந்துவிடுங்கள். ஈரத்தில் கிடந்த கடலையில் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு இருக்கலாம். வறுத்தாலும் அது முழுசாகப் போகாது, ஈரலைக் கெடுக்கும்.

வெல்லம் 200 கிராமை அரை டம்ளருக்கும் குறைவான தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, மறுபடி அடுப்பில் ஏற்றுங்கள். பதம்தான் எல்லாம். கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, எடுத்துத் தட்டில் போட்டால் 'டங்'கென்று சத்தம் வரணும். கையில் ஒடித்தால் நூல் இழுக்காமல் கண்ணாடி மாதிரி உடையணும். வெப்பமானி இருந்தால் 145 டிகிரிக்குக் கிட்டே. உருட்டுப் பதத்திலேயே இறக்கினால் பாகில் தண்ணீர் நின்றுவிடும், பல்லில் ஒட்டும். இன்னும் விட்டால் கசக்கும். பதம் வந்ததும் அடுப்பை அணைத்து, சுக்குத்தூள் அரைத் தேக்கரண்டி, கடலை, ரெண்டு கிளறு. நெய் தடவிய தட்டில் கொட்டி, உருளையால் அழுத்தி, சூடு ஆறும் முன்னே கோடு போட்டுவிடணும்.

முழுசாக ஆறின உடனே ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகத் தாளில் சுற்றி, இறுக்கமூடுற டப்பாவில் போடுங்கள். சூட்டோடு மூடினால் ஆவி வேர்த்து எல்லாம் கெடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் டப்பாவைத் திறந்து வைத்துப் பேசிக்கொண்டிருந்தாலே போதும், இளகிவிடும். சாயல்குடிப் பக்கக் கருப்பட்டி மணமாக இருக்கும், ஆனால் ஈரத்தை இழுக்கிறதில் அது வெல்லத்துக்கும் மேல். அதனால்தான் அந்தக் காலத்தில் அடுப்புப் புகைக்கு மேலே வைத்தார்கள். பாதிக்குப் பாதி கலந்தால் நிற்கும்.

உணவியல்_ராம்நாடு:
மேலே உள்ள செய்முறை அருமை. ஒன்றைச் சேர்க்கிறேன். 30 கிராம் கடலை மிட்டாயில் 17 கிராம் கடலை, 13 கிராம் வெல்லம். புரதம் நாலு கிராமுக்கு மேல் வரும், ஆனால் சர்க்கரையும் கடை பாருக்கு இணையாகத்தான் இருக்கும். வெல்லத்தின் பெரும்பகுதி சர்க்கரையே. சர்க்கரை குறையணும் என்றால் துண்டைப் பாதியாக்குங்கள், கூட ஒரு கைப்பிடி வெறும் வறுகடலை கொடுங்கள்.

மண்டபம்_வடக்கு:
கடலுக்குப் போகிறவங்க விஷயத்துல நான் கொஞ்சம் மாறுபடுறேன். படகுல கை எப்பவும் உப்புத்தண்ணியில நனைஞ்சிருக்கும், டீசல் வாடை வேற. டப்பாவுல கைவிட்டு எடுத்தா முதல் தடவையே மொத்தமும் நமத்துப் போகும். தனித்தனி உறையில வர்ற பாருக்கு அங்க நிஜமான பயன் இருக்கு. உறைக்குத்தான் காசு, உள்ளே இருக்குறதுக்கு இல்லன்னு தெரிஞ்சு வாங்கினா சரி. பாசி எடுக்கக் கடல்ல இறங்குற பெண்களுக்கும் இதேதான்.

வாங்குறதா இருந்தா சாக்லேட் பூசினது வேண்டாம், உச்சி வெயில்ல உருகி உறையோட வரும். உப்புத் தூவின பருப்பும் வேண்டாம், தாகம் எடுத்தா கேன் தண்ணி கரைக்கு வரும் முன்னாடியே தீர்ந்துடும். தயாரிப்புத் தேதி பாருங்க. வெயில் அடிக்கிற கடை வாசல்ல மாசக்கணக்காத் தொங்கினது தேதி தாண்டலன்னாலும் சிக்கு வாடை அடிக்கும். பருப்பு எண்ணெய் சூட்டுலயும் வெளிச்சத்துலயும் கெடும். உறையில எண்ணெய் கசிஞ்சிருந்தா தொடவே வேண்டாம்.

செலவைக் குறைக்க, சின்ன ஜிப் கவர்ல ஒரு வேளைக்கு ஒண்ணுன்னு கடலை மிட்டாயப் பிரிச்சுக் கட்டுங்க. ஒண்ணைத் திறந்தா மத்தது நமக்காம நனையாம இருக்கும்.

பாம்பன்கரை:
ரொம்ப நன்றி. பையனுக்குக் கடலை மிட்டாய், அவருக்குக் கவர்ல கட்டிடுறேன். மாமியாருக்குப் பேரீச்சம்பழ பார்? உறையில 'சர்க்கரை சேர்க்காதது'ன்னுதான் இருக்கு.

உணவியல்_ராம்நாடு:
அது பொய் இல்லை, ஆனால் அவர்களுக்கு உதவாது. உலர்ந்த பேரீச்சையில் 100 கிராமுக்கு 60 கிராமுக்கு மேல் சர்க்கரை இயற்கையாகவே இருக்கிறது. பாதி பேரீச்சையால் ஆன 35 கிராம் பாரில் அதனாலேயே 10, 11 கிராம் வந்துவிடும். 'சேர்த்த சர்க்கரை 0' என்ற வரியை விட்டுவிட்டு 'மொத்தச் சர்க்கரை' வரியைப் படியுங்கள். கருப்பட்டியும் அப்படித்தான், சர்க்கரை நோய்க்கு ஆகும் என்று ஊரில் சொல்வதை நம்ப வேண்டாம். மால்டிட்டால் என்ற மாற்று இனிப்புப் போட்ட 'சுகர் ஃப்ரீ' பார் என்றால் ரத்தத்தில் சர்க்கரை ஏற்றம் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. இரண்டு மூன்று தின்றால் வயிறு உப்பிப் பேதியாகலாம்.

அவர்களுக்கு மாலையில் 20 கிராம் வறுகடலை, உப்பில்லாமல். பல் ஆடினால் கடலையையும் எள்ளையும் பொடித்துக் கொடுங்கள்.

இன்னொன்று, இதைக் கட்டாயம் கவனியுங்கள். மாத்திரையால் சர்க்கரை இறங்கி வேர்த்து, கை நடுங்கினால் அப்போது நட்ஸ் பாரைக் கொடுக்காதீர்கள். பருப்புக் கொழுப்பு இனிப்பு ரத்தத்தில் ஏறுவதைத் தாமதப்படுத்தும். விழுங்கும் நினைவு இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்துப் பாருங்கள். தெளியாவிட்டால் இன்னொரு முறை. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.